சண்டைப் போட்டிக்கு முதல் கணக்குப் புத்தகம்



கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எம்.எம்.ஏ. சண்டைப் போட்டி ஒன்றை நமது பகுதியில் நடத்தப் போகிறார்கள், வெளியூர் வீரர்கள் வருவார்கள், முழுச் செலவையும் ஒரு அனுசரணையாளர் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு மாதமாக ஒரு கதை அடிபடுகிறது. யார் அந்த அனுசரணையாளர் என்று கேட்டால், "அது பிறகு சொல்றம் சேர்" என்கிறார்கள்.

பிள்ளைகளின் ஆசையை நாங்கள் கேலி செய்யவில்லை. கணிதச் சூத்திரம் நினைவில் நிற்காத பிள்ளை, ஹபீப் எந்தச் சுற்றில் யாரை எப்படி மடக்கினார் என்று பிசகாமல் ஒப்புவிக்கிறான். அந்த ஆர்வத்துக்கு ஒரு மைதானமும் நல்ல பயிற்றுநரும் கிடைத்தால் எங்களுக்கும் சந்தோசம்தான். முகத்தில் அடிப்பது கூடுமா என்ற கேள்வியை உலமாக்களிடம் விட்டுவிடுகிறோம். நாங்கள் பேச வந்தது அந்த "பிறகு சொல்றம்" பற்றி.

இதே விளையாட்டில், உலகிலேயே பெரியது என்று பெயரெடுத்த ஓர் அமைப்பு பத்து வருடம்கூட நிலைக்காமல் விழுந்திருக்கிறது. ஜப்பானின் பிரைட். (ஜப்பான் என்றால் நமது மூத்தவர்களுக்கு 1942 ஏப்ரல் 9 இல் திருகோணமலையில் விழுந்த குண்டுகள் ஞாபகம் வரும். இது வேறு கதை.)

1997 ஒக்டோபர் 11 அன்று டோக்கியோ டோம் அரங்கில் பிரைட் தொடங்கியது. ஜப்பானின் மல்யுத்த நட்சத்திரம் நொபுஹிகோ தகாதாவும் பிரேசிலின் ரிக்சன் கிரேசியும் மோதினார்கள். தகாதா தோற்றார், ஆனால் சனம் விட்டுப் போகவில்லை. 2000 மே மாதம் அதே அரங்கில் கசுஷி சகுராபாவும் ரொய்ஸ் கிரேசியும் தொண்ணூறு நிமிடம் சண்டை பிடித்தார்கள். ஒரு முழு உதைபந்தாட்டப் போட்டியின் நேரம் அது! கடைசியில் கிரேசியின் பக்கத்திலிருந்து துவாயை எறிந்து சண்டையை நிறுத்தினார்கள். அதோடு விட்டார்களா? அன்றிரவே சகுராபாவை, தன்னைவிடப் பாரமான இகோர் வொவ்சான்சினோடு மீண்டும் இறக்கினார்கள். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு அவரால் தொடர முடியவில்லை. வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் "இந்த மனிதன் இன்றைக்கு இனி இறங்கக் கூடாது" என்று சொல்ல அங்கே யாருக்கு அதிகாரம் இருந்தது? அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இத்தகைய போட்டிகளை மேற்பார்வை செய்ய அரச ஆணைக்குழு இருக்கிறது. ஜப்பானில் அப்படி ஒன்று இல்லை. போட்டியை நடத்துபவரே சட்டம் வகுப்பவர், அவரே காசு வாங்குபவர்.

2002 ஓகஸ்ட் 28 இல் டோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் கே-1 அமைப்போடு சேர்ந்து நடத்திய நிகழ்ச்சிக்கு 91,107 பேர் வந்ததாக அறிவித்தார்கள். அறிவித்தது அமைப்பாளர்கள்தான், அதையும் மனதில் வையுங்கள். அடுத்த வருடம் ரஷ்யாவின் ஃபெடோர் எமெலியனென்கோ சம்பியனானார். அந்தக் காலத்தில் உலகின் மிகச் சிறந்த அதிபார எடைப் பிரிவு வீரர்கள் பிரைடில்தான் இருந்தார்கள் என்பதை யூ.எஃப்.சி. ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள்.

திறமை இருந்தது, சனம் இருந்தது. பிறகு ஏன் விழுந்தது?

2006 இல் ஷூகான் கெண்டாய் என்ற வாரப் பத்திரிகை, பிரைடுக்குப் பின்னால் யகூசா எனப்படும் பாதாளக் குழுக்களின் தொடர்பு இருப்பதாகத் தொடர்ந்து எழுதியது. அமைப்பாளர்கள் மறுத்தார்கள். ஆனால் அந்த வருடம் ஜூன் 5 இல் ஃபுஜி தொலைக்காட்சி, ஒப்பந்த மீறல் என்று சொல்லித் தனது ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. பிரைட்டின் வருமானத்தில் பெரும்பங்கு அந்த ஒரே வாசலால் வந்தது. வாசல் பூட்டியதும் வீட்டில் அடுப்பெரியவில்லை.

தப்பிப்பதற்கு அமெரிக்கா போனார்கள். 2006 ஒக்டோபரில் லாஸ் வேகாஸில் முதல் நிகழ்ச்சி. நெவாடா ஆணைக்குழு ஊக்கமருந்துப் பரிசோதனை செய்தது. விட்டோர் பெல்ஃபோர்ட், பாவெல் நாஸ்துலா இருவரும் சிக்கினார்கள். ஜப்பானில் யாரும் கேட்காத கேள்வியை அங்கே முதல் நாளே கேட்டுவிட்டார்கள்!

2007 மார்ச்சில், யூ.எஃப்.சி. உரிமையாளர்களில் ஒருவரான லொரென்சோ ஃபெர்ட்டிட்டா பிரைடை வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. தொடர்ந்து நடத்துவோம் என்றார்கள். ஏப்ரல் 8 இல் சைத்தாமாவில் நடந்ததுதான் கடைசி. ஒக்டோபரில் டோக்கியோ அலுவலகத்தைப் பூட்டி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி நிகழ்ச்சியில் வென்றவர்களில் ஜேம்ஸ் தொம்சனும் ஒருவர். ஐந்து வருடம் கழித்து, 2012 மார்ச்சில், ராஜ் குந்த்ராவும் நடிகர் சஞ்சய் தத்தும் மும்பையில் தொடங்கிய சூப்பர் ஃபைட் லீக்கின் முதல் மேடையில் அவர் நிற்கிறார். எதிரில் நின்ற பொப் சாப்பும் பிரைட்டின் பழைய ஆள்தான். அத்தனை விளம்பரம், அத்தனை வெளிச்சம், முக்கிய சண்டை முதல் சுற்றிலேயே முடிந்தது. சாப்பின் கால் நொந்துவிட்டது. அந்த லீக்கை 2017 இல் புதிய ஆட்கள் அணிகளாகப் பிரித்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. நட்சத்திரத்தின் பெயரை நம்பி அடிக்கும் கூடாரம் எவ்வளவு காலம் நிற்கும்?

டோக்கியோ எங்கே, திருகோணமலை எங்கே என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் நமது கழகங்களின் சுற்றுப்போட்டிகளை யோசித்துப் பாருங்கள். தேர்தல் வருடத்தில் கிண்ணமும் ஜேர்சியும் ஒலிபெருக்கியும் வந்து குவியும். அடுத்த வருடம் பந்து வாங்கவும் காசில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு சகோதரர் அனுப்புகிறார், அவருடைய வேலை போனால் கழகமும் படுத்துவிடுகிறது. உதைபந்தாட்டத்தில் இதனால் போவது ஒரு பருவம். ஒரு பிள்ளையின் தலையில் அடி விழும் விளையாட்டில் போவது என்னவென்று பெற்றோருக்கு நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. அன்றைக்கு அந்த அனுசரணையாளரின் போன் வேலை செய்யுமா?

போட்டி வேண்டாம் என்பதல்ல எங்கள் கருத்து. பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அவரிடம் எழுத்தில் போகட்டும். வளையத்தின் ஓரத்தில் ஒரு வைத்தியர் இருக்கட்டும், சண்டையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பயிற்சியோடு நிற்கட்டும். காசு தருபவரின் பெயரும் தொகையும் கழகப் பலகையில் ஒட்டப்படட்டும். பெயரைச் சொல்ல விரும்பாத அனுசரணையாளரின் காசு நமக்கு வேண்டாம். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஏற்பாட்டுக் குழு கூடுவதாகச் சொன்னார்கள். நாங்களும் வருகிறோம், பெற்றோரும் வாருங்கள். தம்பிமார், போஸ்டர் பிறகு அடிக்கலாம், அன்றைக்குக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள்.