இணையும் இடம் யாருடைய பொறுப்பு?



ஒரு புதிய பொருளை உருவாக்கும் வேலையைப் பலரிடம் பங்கிட்டுக் கொடுப்பது எளிது. பங்கிட்டவற்றை மீண்டும் ஒன்றாகச் சேர்ப்பதுதான் கடினம். அவரவர் வேலையை அவரவர் செம்மையாகச் செய்தால் பொருள் தானே செம்மையாக அமைந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு என்பதே என் கருத்து. ஒரு விமானத்தின் வரலாறு இதை நன்கு விளக்கும்.

ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ-380, இரண்டு தளங்கள் கொண்ட மாபெரும் பயணிகள் விமானம். அதன் இறக்கைகள் பிரிட்டனிலும், உடற்பகுதியின் பாகங்கள் ஜெர்மனியிலும், வாற்பகுதியின் பாகங்கள் ஸ்பெயினிலும் உருவாயின. பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் அவை ஒன்றுசேர்க்கப்பட்டன. ஒரு விமானத்தில் ஓடும் மின்கம்பிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 530 கி.மீ.!

ஜெர்மனியிலிருந்து வந்த கம்பித் தொகுப்புகளைத் துலூசில் பொருத்தியபோது, பல இடங்களில் நீளம் போதவில்லை. காரணம் என்ன? ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இருந்த வடிவமைப்பாளர்கள் ஒரு கணிப்பொறி நிரலின் 4-ஆம் பதிப்பில் படம் வரைந்தனர். பிரான்சிலும் பிரிட்டனிலும் இருந்தவர்கள் 5-ஆம் பதிப்பில் வரைந்தனர். ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கத்தை ஒழுங்காகச் சென்றடையவில்லை. மாற்றங்களோ ஏராளம். விமானம் வாங்குவோர் ஒவ்வொருவரும் இருக்கை அமைப்பைத் தம் விருப்பம்போல் கேட்டனர். இருக்கை மாறினால் கம்பி செல்லும் பாதை மாறும். பாதை மாறினால் நீளம் மாறும் அல்லவா?

2006-இல் ஒப்படைக்க வேண்டிய முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்சிடம் சேர்ந்தது. நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். இந்த இழப்பும் ஒரு காரணமாக, 10,000 வேலையிடங்களைக் குறைக்கும் திட்டம் 2007-இல் அறிவிக்கப்பட்டது. இத்தனைக்கும் அங்கிருந்த பொறியாளர்கள் தத்தம் தொழிலில் தேர்ந்தவர்களே!

அப்படியானால், எல்லாவற்றையும் முதல் நாளே முடிவு செய்து, பின்னர் எதையும் மாற்றக்கூடாது என்று தடை போடலாமா? அதுவும் சரியன்று. புதிய பொருளைச் செய்யும்போதுதான் அதைப் பற்றிப் பலவற்றைக் கற்கிறோம். கற்றதைப் பயன்படுத்த இடம் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. இரண்டு பாகங்கள் இணையும் இடத்தை முதலில் உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு பாகத்தின் உள்ளமைப்பையும் கூடியவரை மாற்றத்துக்கு விட்டுவையுங்கள். உங்கள் வீட்டு மின்விளக்கைப் பாருங்கள். இழை விளக்கு போய் எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. உள்ளே நிகழும் இயற்பியலே வேறு. ஆனால் ஹோல்டர் மாறவில்லை. ஆகவே புது விளக்குக்காக யாரும் வீட்டுக் கம்பிகளை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இணையும் இடத்தையே மாற்ற நேர்ந்தால்? மாற்றலாம். ஆனால் இரு தரப்பினரும் ஒரே படத்தைப் பார்க்க வேண்டும். மாற்றம் அன்றே இருவருக்கும் தெரிய வேண்டும். கூடிப் பேசுவதால் நேரம் வீணாகிறது என்று சிலர் சொல்வர். பேசாமல் இருந்ததால் வீணான மாதங்களை அவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் நால்வர் சேர்ந்து ஒரு காற்றாலை மாதிரி செய்வதாக வைத்துக் கொள்வோம். இறக்கை ஒருவருக்கு, டைனமோ ஒருவருக்கு, தாங்கி ஒருவருக்கு, விளக்குச் சுற்று ஒருவருக்கு என்று பிரித்துக் கொள்வீர்கள். அச்சின் பருமன் எவருடைய பொறுப்பு? அது நால்வருடைய பொறுப்பும் ஆகும். அட்டையை வெட்டும் முன் அந்த அளவை ஒரு தாளில் எழுதி, நால்வரும் கையொப்பமிடுங்கள். இறக்கை மூன்றா, நான்கா என்பதைக் காற்றில் சுழற்றிப் பார்த்துப் பிறகு முடிவு செய்யலாம்.