மடை யார் கையில்?

இரவு பதினொன்றரை. விடிந்தால் கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகை பாதியில் நிற்க, கோரல்டிரா திறக்க மறுக்கிறது. டிடிபிக்காரர்கள் மென்பொருள் பகிரும் குழுவில் ஒரு வரி போட்டதும் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஒரு ரார் கோப்பு வந்து விழுகிறது. கூடவே ஒரு குறிப்பு: “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க.”

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் டிடிபி மையம் வைத்திருக்கும் யாருக்கும் இது புதுக் கதை இல்லை. மற்றவர்கள் இறக்கிக்கொள்ளும் முன் அந்தக் கோப்பை எடுத்துவிட ஓர் ஆள் வேண்டும். அவர்தான் அட்மின். அவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? பெரும்பாலும் தேர்ந்தெடுப்பதே இல்லை. குழுவைத் தொடங்கியவரோ, அதிகமாகக் கோப்பு போடுகிறவரோ அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.

நம் ஊர்க்காரர்கள் இந்த மாதிரி வேலைக்கு யோசித்துத்தான் ஆள் போட்டார்கள். கண்மாய்ப் பாசன ஊர்களில் நீர்பாய்ச்சி என்றும் நீர்க்கட்டி என்றும் ஒருவர் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பெருகிய தண்ணீர் கதிர் முற்றும்வரை வரவேண்டும். மடையை எப்போது திறப்பது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நேரம் விடுவது, கடைமடைக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவசரம் என்று நிலக்காரர் தானே மண்வெட்டியோடு இறங்கினால் தகராறுதான். நீர்பாய்ச்சிக்குப் பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் நிலம் இருக்காது; இருந்தால் தன் வயலுக்கு முதலில் திருப்பிவிடுவார் என்ற கணக்கு. களத்தில் அவருக்கு நெல் அளந்தார்கள். இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். அவர்களை நிலமில்லாமல் வைத்தது சாதி. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் மடையை ஒருவர் கையில் கொடுக்குமுன் அவருக்குத் தண்ணீரில் பங்கு உண்டா, உழைப்புக்குக் கூலி உண்டா என்று பார்த்தார்களே, அந்த இரண்டையும் நாம் பார்ப்பதில்லை.

முதலில் பங்கு. காசு வாங்கிக்கொண்டு கிராக் போட்டுக் கொடுப்பவர், எழுத்துருத் தொகுப்பைப் படியெடுத்து விற்பவர், ஏதாவது ஒரு மென்பொருளுக்கு முகவராக இருப்பவர் ஆகியோர் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் அட்மின் ஆகக்கூடாது. இலவசமாகக் கிடைக்கும் நல்ல மாற்று ஒன்றை வேறொருவர் போட்டால் அது அவர்கள் பிழைப்பில் கைவைக்கும். எதை நீக்குவார்கள் என்று சொல்லவா வேண்டும்? சட்டத்தையும் மறக்கக்கூடாது. திருட்டுப் படி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

“யாரோ போட்டதற்கு நான் ஏன் மாட்ட வேண்டும்?” என்று நல்லவர்கள் ஒதுங்குவதும் நடக்கிறது. 2021 டிசம்பரில், கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில், அட்மினாக இருந்தது தவிர வேறு பங்கில்லை என்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அது இரு சமூகங்களுக்கிடையே பகை மூட்டும்படியான பதிவு பற்றிய வழக்கு. திருட்டு மென்பொருளைத் தானே போடுகிற அட்மினுக்கு அதில் நிழல் கிடைக்காது.

அடுத்தது கூலி. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்ற சுருக்குநிரலை லாசே கோலின் என்பவர் சம்பளமில்லாமல் பராமரித்துவந்தார். மனநலம் ஒத்துழைக்காமல் அவர் தளர்ந்திருந்த 2022-இல், “இன்னொருவரையும் சேர்” என்று சில பெயர்கள் அவரை நச்சரித்தன. 2021 முதலே பணிவாக உதவிவந்த ஜியா டான் என்ற பெயர்க்காரருக்குப் பொறுப்பு போயிற்று. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்று இன்றுவரை வெளியாகவில்லை. 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் கள்ளக்கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால் மார்ச் மாதக் கடைசியில் அது பிடிபட்டது. உலகறிந்த நிரலுக்கே இந்தக் கதி. களைத்துப்போன அட்மினிடம் “அண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்று ஒருவர் வந்தால் நாம் சந்தோஷமாகத்தான் கொடுத்துவிடுவோம்.

ஆகவே ஆள் பார்க்கும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள். கோப்பை அனுப்பாமல், தயாரித்தவரின் தளத்து முகவரியை அனுப்புகிறவர் யார்? விண்டோஸில் ‘செர்ட்யூட்டில்’ கட்டளை கொடுத்து, கோப்பின் ஹாஷ் எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர் யார்? தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசாதவர் யார்? அவர் குறைவாகப் பேசுகிறவராக இருக்கலாம். நரிக்குடியில் ஒற்றைக் கணினி வைத்திருப்பவராகவும் இருக்கலாம். ஒருவருக்கு இருவராகப் போடுங்கள், இரண்டு ஊரிலிருந்து. டெலிகிராமில் அழிக்கும் உரிமையை மட்டும் தனியாகக் கொடுக்கலாம்; புதியவருக்கு அதிலிருந்தே தொடங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைமாற்றுங்கள். நூறு பேர் உள்ள குழுவில் ஆளுக்கு மாதம் பத்து ரூபாய் போட்டால் ஆயிரம் ரூபாய். ராத்திரி கண்விழிப்பவருக்கு அது பெரிய கூலி இல்லை. ஆனால் கேள்வி கேட்க நமக்கும், பதில் சொல்ல அவருக்கும் ஒரு பிடி.

அடுத்த முகூர்த்தக் கூட்டம் தொடங்குமுன் உங்கள் குழுவின் அட்மின் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் விற்பவர் பெயர் இருந்தால் முதலில் அதை எடுங்கள்.