சட்டைக்கு எத்தனை வெள்ளி? வேலைக்குப் போகுமுன் ஒரு கணக்கு

போன மாதம் என் தங்கைக்கு வேலை கிடைத்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் நிறுவனம், நிர்வாக உதவியாளர் பணி, மாதச் சம்பளம் 2,300 வெள்ளி. நியமனக் கடிதத்தை வீட்டில் எல்லாரும் ஒருமுறை வாங்கிப் படித்தோம். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: பணியாளர்கள் நேர்த்தியான அலுவலக உடையில் வர வேண்டும். எது நேர்த்தி என்று விளக்கம் எதுவும் இல்லை.

அன்றிரவே தங்கை கைப்பேசியில் துணி தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டாள். ஆறு சட்டை, மூன்று காற்சட்டை, ஒரு பிளேசர், இரண்டு ஜோடி காலணி, ஒரு கைப்பை. மொத்தம் 870 வெள்ளி.

"இவ்வளவு பணத்துக்கு எங்கே போவே?" என்று கேட்டேன்.

"மூணு தவணையா கட்டலாம்க்கா. வட்டி இல்ல."

அவளைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் இதைத்தான் செய்தேன். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

கைக்கு வருவது எவ்வளவு?

2,300 வெள்ளியில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 253 வெள்ளி போகும். சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சேர்த்து இன்னும் ஏறக்குறைய 16 வெள்ளி. கைக்கு வருவது 2,030 வெள்ளிதான். தங்கை தேர்ந்தெடுத்த துணியின் விலை அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல்.

குறைந்தபட்ச சம்பளத்தில் வேலை தொடங்குபவரின் நிலை இன்னும் இறுக்கம். 2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. பிடித்தம் போக ஏறக்குறைய 1,500 வெள்ளி மிஞ்சும். சம்பள உயர்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அரிசி, வாடகை, பெட்ரோல் பற்றிப் பேசுகிறோம். வேலைக்குப் போவதற்கே ஆகும் செலவை யாரும் தனியாகக் கணக்கிடுவதில்லை.

வருமான வரி விதிகளைப் பாருங்கள். வாழ்க்கைமுறைச் செலவுக்கான வரிவிலக்கு ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை உண்டு. புத்தகம், கணினி, கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். அலுவலகச் சட்டை அடங்காது. 2,300 வெள்ளி சம்பளக்காரருக்கு வரியே வராது என்பதால் இதனால் நேரடி இழப்பு இல்லை. ஆனாலும் அலுவலக உடை முழுக்க முழுக்க ஊழியரின் சொந்தச் செலவு என்றே இன்று கருதப்படுகிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் மலிவாக வாங்கலாமே என்று தோன்றும். 2024 ஜனவரி 1 முதல், அப்படி வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 40 வெள்ளிச் சட்டை 44 ஆகும். அளவு சரியில்லாமல் திருப்பி அனுப்பும் தொல்லை தனி.

வட்டி இல்லாத கடன்

இப்போது தவணைக்கு வருவோம். 'இப்போது வாங்கு, பிறகு செலுத்து' என்ற சேவையில், நேரத்தோடு கட்டினால் பெரும்பாலும் வட்டி இல்லை என்பது உண்மைதான். ஆனால் தவறினால் தாமதக் கட்டணம் வரும். 870 வெள்ளி என்றால் கை தயங்கும்; மாதம் 290 என்றால் தயங்காது. ஒரே நேரத்தில் கைப்பேசிக்கு ஒரு தவணை, காலணிக்கு ஒரு தவணை, துணிக்கு ஒரு தவணை என்று ஓடும்போது மொத்தம் எவ்வளவு என்பதே மறந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாத நடுவில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் சம்பளம் வேலை செய்த நாள்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். தவணைக்கு அந்தச் சலுகை கிடையாது. அது முழுதாகவே வரும்.

இந்தச் சேவைகளையும் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் நுகர்வோர் கடன் மசோதாவை நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றியது. வரவேற்க வேண்டிய நடவடிக்கை. கடன் கொடுப்பவர் நம்மை ஏமாற்றாமல் சட்டம் பார்த்துக்கொள்ளும். நமக்கு ஆறு சட்டை வேண்டுமா, மூன்று போதுமா என்பதைச் சட்டம் முடிவு செய்யாது. ஏற்கெனவே கடனில் திணறுபவர்கள் ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனத்தை நாடலாம். 2006 முதல் செயல்படும் அமைப்பு அது. ஆலோசனை இலவசம்.

நான் செய்த தவறு

நான் வேலைக்குப் போகுமுன் 600 வெள்ளிக்கு மேல் துணி வாங்கினேன். அதில் ஒரு பிளேசர் 189 வெள்ளி. அலுவலகம் போய்ப் பார்த்தால் வாரத்தில் இரண்டு நாள் நிறுவனத்தின் டி-சட்டை. அதை அவர்களே இலவசமாகக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை எல்லாரும் பாத்தேக் அணிந்தார்கள். பிளேசரை மொத்தம் மூன்று முறைதான் அணிந்தேன். ஒருமுறைக்கு 63 வெள்ளி! அதே நேரம் 79 வெள்ளிக்கு வாங்கிய ஒரு கறுப்புக் காற்சட்டையை வாரம் இருமுறை வீதம் இரண்டு ஆண்டு அணிந்தேன். ஒருமுறைக்கு 40 காசுகூட ஆகவில்லை.

முதல் சம்பளத்தில் அம்மா கையில் 300 வெள்ளி கொடுக்க வேண்டும் என்று படிக்கும் காலத்திலிருந்தே நினைத்திருந்தேன். 50 வெள்ளிதான் கொடுக்க முடிந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த பிளேசர் இன்னும் அலமாரியில் தொங்குகிறது.

ஆள் பாதி, ஆடை பாதி?

அப்படியானால் உடை முக்கியம் இல்லையா? முக்கியம்தான். நேர்முகத் தேர்வில் நாம் வாய் திறக்குமுன் நம் உடையைப் பார்த்துவிடுகிறார்கள். வசதி குறைந்த குடும்பத்திலிருந்து வருபவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். பெண்களுக்குச் சுமை கூடுதல். ஆண் மூன்று சட்டையை மாற்றி மாற்றிப் போட்டால் யாரும் கவனிப்பதில்லை. பெண் அதே மேலாடையில் இரண்டாம் முறை வந்தால் கவனிக்கிறார்கள். இதை மாணவர்களின் ஊதாரித்தனம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுவது நியாயமில்லை.

முதலாளிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. குறைந்தபட்ச சம்பளம் கொடுக்கும் இடம், குறிப்பிட்ட நிறத்தில், குறிப்பிட்ட வகையில் உடை கேட்டால் அதை அவர்களே கொடுப்பதுதான் முறை. குறைந்தது, என்ன உடை வேண்டும் என்பதை நியமனக் கடிதத்திலேயே தெளிவாக எழுதலாம். சீருடைக்கென்று சம்பளத்தில் பணம் பிடித்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, சம்பளத்திலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதை வரையறுத்திருக்கிறது. நினைத்ததையெல்லாம் கழிக்க முடியாது. ஆள்பல இலாகாவில் புகார் செய்யலாம்.

நாங்கள் எடுத்த முடிவு

மறுநாள் காலை தங்கையை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னேன். கூச்சப்பட்டாள். பிறகு கேட்டாள். பஞ்சாபி உடை அணியலாம், பிளேசர் தேவையில்லை, சனிக்கிழமை ஜீன்ஸ் போடலாம் என்று பதில் வந்தது. தீபாவளிகளுக்கு வாங்கிய நான்கு பஞ்சாபி உடைகள் அவளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பு பட்டியலில் பாதியை அடித்துவிட்டது.

பிறகு ஒரு வரம்பு வைத்தோம். கைக்கு வரும் ஒரு மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 வெள்ளி. கடன் இல்லை, கையிருப்பு மட்டும். ஒரு புதிய கறுப்புக் காற்சட்டை 69 வெள்ளி. பண்டல் கடையில் இன்னொரு காற்சட்டை 15, இரண்டு மேலாடை 24. எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடப்பதற்கு ஏற்ற தட்டைக் காலணி 59. மொத்தம் 167 வெள்ளி. பண்டல் துணியை வாங்கும்போது அக்குள், கழுத்துப்பட்டி, ஜிப் மூன்றையும் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லிக் கொடுத்தார். "சிலுவார் இடுப்ப நான் பிடிச்சித் தரேன், நீ காசு குடுத்து தைக்காதே" என்று தையல் இயந்திரத்தின் தூசியைத் தட்டினார்.

மீதி 33 வெள்ளியைத் தொடவில்லை. ஒரு மாதம் வேலை பார்த்து, மற்றவர்கள் என்ன அணிகிறார்கள் என்று பார்த்த பிறகு, குறைவதை மட்டும் வாங்கலாம் என்று முடிவு.

பத்தில் ஒரு பங்கு என்பது எங்கள் வீட்டு அளவு. அறை வாடகை கட்டுபவருக்கு அதுவும் அதிகமாக இருக்கலாம். எந்த அளவாக இருந்தாலும், கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். கைக்கு உண்மையில் எவ்வளவு வரும்? அலுவலகம் உண்மையில் என்ன கேட்கிறது? இந்தத் துணியை எத்தனை முறை அணிவேன்? தொழிற்பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கும் இதே கேள்விகள்தான்.

இந்த மாதக் கடைசியில் தங்கைக்கு முதல் சம்பளம். அம்மாவுக்கு எவ்வளவு கொடுக்கப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இம்முறை அந்தப் பணம் துணிக்கடைக்குப் போகாது.