விலாசம் யார் பேரில் இருக்கிறது?

வலைத்தளம் இல்லாத கடை பின்தங்கிய கடை என்ற பேச்சு காரைக்குடிக் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. வலைத்தளம் அமைத்துத் தருகிறோம் என்று விலைப்பட்டியலோடு கடை கடையாக ஏறி இறங்கும் இளைஞர்களை நம் உறுப்பினர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். சில ஆயிரங்களில் முடித்துத் தருவதாகச் சொல்பவரும் உண்டு. லட்சத்தை நெருங்குபவரும் உண்டு. வியாபாரிகள் அவர்களிடம் கேட்பதெல்லாம் எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் முடியும் என்பவைதாம். அந்த விலாசம் யார் பேரில் பதிவாகும் என்று கேட்பவர் அரிது. நம்மைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

விலாசம் என்ற சொல்லின் அருமை செட்டிநாட்டுக்குத் தெரியாததல்ல. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் நிறுவனங்கள் விலாசத்தால்தான் அறியப்பட்டன. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த சில எழுத்துகள், அவ்வளவுதான். அந்த எழுத்துகளை நம்பி உண்டியல் ஊர் விட்டு ஊர் போயிற்று. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி எனப்பட்ட நீண்ட கூடங்களில் ஒரே கூரையின் கீழ் பலர் ஆளுக்கொரு பெட்டியும் சாய்வு மேசையுமாக உட்கார்ந்து தொழில் செய்தார்கள். கூடம் பொது, விலாசம் அவரவருடையது. 1970களில் நகரச் சீரமைப்பின்போது அங்கிருந்த கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. விலாசத்தை வேறு தெருவுக்கு எடுத்துப்போக யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

இணையத்திலும் கணக்கு இதுவே. வலைத்தளம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு இனங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, டாட் இன் என்றோ டாட் காம் என்றோ முடியும் பெயர். மற்றொன்று, அந்தப் பெயரைத் தட்டினால் திறக்கும் பக்கங்கள். பக்கங்கள் வாடகைக் கட்டடம் மாதிரி. இவரிடம் பிடிக்கவில்லையென்றால் அடுத்தவரிடம் மாற்றிக்கொள்ளலாம். பெயரைத்தான் கைவிடக்கூடாது.

இதற்கு நாடறிந்த உதாரணம் உண்டு. மதுரையில் பிறந்து கூகுள் நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்த சுந்தர் பிச்சை, 2017 ஜனவரியில் டெல்லிக்கு வந்தபோது, சிறு வணிகர்களுக்கு இலவசமாக வலைத்தளம் அமைத்துத் தரும் திட்டத்தை அறிவித்தார். கைப்பேசியிலேயே சில நிமிடங்களில் அமைத்துவிடலாம், செலவு இல்லை. நாடெங்கும் கடைக்காரர்கள் அமைத்துக்கொண்டார்கள். அந்த முகவரிகளெல்லாம் பிசினஸ் டாட் சைட் என்று முடிந்தன. அதாவது கடைப் பெயர் நம்முடையது, வாசல் கூகுளுடையது. 2024 மார்ச்சில் கூகுள் அந்த வலைத்தளங்களை மூடிவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 10 வரை, பழைய முகவரியைத் தட்டியவர்களைக் கடையின் கூகுள் குறிப்புப் பக்கத்துக்கு அனுப்பி வைத்தது. அதன் பிறகு அதுவும் நின்றது. விசிட்டிங் கார்டிலும் சரக்குப் பையிலும் அந்த முகவரியை அச்சிட்டிருந்தவர்களுக்கு அச்சுக்கூலி நட்டம். ஆனால் அதே திட்டத்தில் சொந்தமாகப் பெயர் வாங்கி இணைத்திருந்தவர்கள், அந்தப் பெயரை வேறு இடத்துப் பக்கங்களுக்குத் திருப்பிவிட்டுத் தொழிலைத் தொடர முடிந்தது. இலவசமாகக் கொடுத்தவரைக் குறை சொல்ல நமக்கு நியாயமில்லை. இலவசத் திண்ணையில் நிரந்தரக் கடை போட்டதுதான் கோளாறு.

வாட்ஸ்அப்பை மட்டும் நம்பி ஆர்டர் எடுக்கிறோமே, போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றுபோயின. நமக்கு அது கடை கட்டும் இரவு நேரமாக இருந்ததால் பெரிதாக உறைக்கவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் பகலில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று பலகாரக் கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நம் உறுப்பினர் ஒருவரின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். கைமுறுக்கும் சீப்புச் சீடையும் மனகோலமும் வெளியூர்களுக்கு அனுப்பி வருபவர் அவர். வலைத்தளம் அமைத்துக் கொடுத்த இளைஞர், பெயரைத் தம்முடைய மின்னஞ்சலிலேயே பதிந்துவிட்டார். வஞ்சனை ஏதும் இல்லை, வேலை சுலபமாக முடியட்டும் என்று செய்தது. பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்களெல்லாம் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க் கிடந்தன. தவணை கடந்தது. யாரோ முன்பின் தெரியாதவர் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டார். இப்போது பழைய பலகாரப் பெட்டியில் உள்ள முகவரியைத் தட்டினால் சூதாட்டப் பக்கம் திறக்கிறது. கல்யாணச் சீராக அந்தப் பெட்டிகள் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும்!

பெயர் பதிய ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைதான் ஆகும். ஒரே தடவையில் பத்து ஆண்டு வரைக்கும் கட்டிவிடலாம். பதிவு, கடை உரிமையாளரின் மின்னஞ்சலிலும் கைப்பேசி எண்ணிலும் இருக்க வேண்டும். கடவுச்சொல் கல்லாப்பெட்டிச் சாவி மாதிரி. காலாவதியானால் சில வாரம் தவணை உண்டு. அதற்கு மேல் மீட்கக் கூடுதல் கட்டணம். அதுவும் தாண்டினால் பெயர் மறுபடி சந்தைக்கு வந்துவிடும். வணிகச் சின்னம் பதிவு செய்தவர்கள், டாட் இன் பெயரை ஒருவர் கெட்ட எண்ணத்தோடு பதிந்திருந்தால் நடுவர் முன் முறையிட வழி இருக்கிறது. ஆனால் அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். கூகுள் வரைபடத்தில் உள்ள கடைக் குறிப்பிலும் இதே கவனம் தேவை. உரிமையாளராக நீங்கள் இருங்கள். வேலை செய்து தருபவரை நிர்வாகியாக மட்டும் சேருங்கள்.

எல்லாக் கடைக்கும் வலைத்தளம் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அடுத்த தெருவுக்கு அரைக் கிலோ துவரம்பருப்பு கொடுக்கும் கடைக்கு, வரைபடத்தில் சரியான இடமும் திறக்கும் நேரமும் தொலைபேசி எண்ணும் இருந்தால் தாராளம். ஜி.எஸ்.டி.யில் இணக்க வரி முறையில் இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே முடியாது. அவர்களிடம் இந்தியா முழுவதும் விற்கலாம் என்று ஆசை காட்டுபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடலாம். அதே சமயம், ஊர் வீட்டில் கல்யாணம் வைத்துக்கொண்டு சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருந்தபடி மளிகைக்கும் பலகாரத்துக்கும் ஆள் தேடுபவர்களை நம்பித் தொழில் செய்யும் கடைகளுக்கும், ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை விற்பவர்களுக்கும் சொந்தப் பெயரில் ஒரு பக்கம் நிச்சயம் பயன்படும். அதில் படாடோபம் வேண்டாம். என்ன சரக்கு, எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், எதில் அனுப்புவீர்கள், உணவுப்பொருள் என்றால் உரிம எண், இவை இருந்தால் சரி. போன வருஷ விலையை அப்படியே விட்டுவைப்பதைவிட விலை போடாமலிருப்பது மேல்.

ஏற்கெனவே வலைத்தளம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இந்த மாதக் கணக்கு முடித்த கையோடு பதிவு ரசீதைத் தேடி எடுத்து, அதில் உள்ள பெயர், மின்னஞ்சல், முடியும் தேதி மூன்றையும் பார்த்துவிடுங்கள். வேறொருவர் பேரில் இருந்தால், அவரோடு உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றத்துக்கு வேண்டிய ரகசியக் குறியீட்டை அவர்தான் எடுத்துத் தர வேண்டும்.