கல்லூரி வாசலும் கோபுர வாசலும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்குவதும், நமது வீடுகளில் கல்லூரி விவாதம் தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு அது ஆனந்தமான பருவம். ப்ளஸ் டூ தேறிய பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கோ விண்ணப்பத் தாள்களின் பருவம்.

இலஞ்சியிலிருந்து நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தம் குமாரத்தியைப் பௌதிகத்தில் சேர்ப்பதா, கட்டிடக் கலையில் சேர்ப்பதா? பாட்டியின் கட்சி பௌதிகம். குற்றாலத்துக்குக் காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பிவிடலாம் அல்லவா? பெண்ணின் கட்சி கட்டிடம். தகப்பனார் நடுநிலை வகிக்கிறார்; அதாவது நமக்குக் கடிதம் எழுதுகிறார்.

பாட்டியின் கட்சியை நாம் இலேசாகத் தள்ளிவிட மாட்டோம். குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964-ஆம் வருஷத்தில் தோன்றியது. அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் நடப்பது. தேவஸ்தானத்தின் ஆதரவில் நம் பெண்கள் பௌதிகம் கற்கிறார்கள் என்றால், அதைவிடச் சிறந்த கைங்கரியம் எது? பி.எஸ்ஸி.க்கு 3 வருஷம். பி.ஆர்க். படிப்புக்கோ 5 வருஷம்; வெளியூர் வாசம், விடுதிச் செலவு, போதாக்குறைக்கு வரைபடத் தாளும் மாதிரி செய்யும் அட்டையும் கணினியும்.

ஆயினும் ஒரு சங்கதியைப் பாட்டியும் தகப்பனாரும் அறிந்திருத்தல் அவசியம். 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி, கட்டிடக் கலைக் கவுன்சிலில் பதிவு பெறாதவர் தம்மை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக்கொள்ளலாகாது. பதிவுக்கு அதற்குரிய பட்டம் வேண்டும். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. வரை ஏறினாலும் அது ஈடாகாது. பாலிடெக்னிக்கில் கிடைக்கும் 3 வருஷ டிப்ளமாவும் அப்படியே. வரைபடம் தயாரிக்கவும் வேலையை மேற்பார்க்கவும் உதவுமே தவிர, அந்தப் பட்டமாகாது. பதினேழு வயதில் செய்யும் தேர்வைப் பின்னால் மாற்ற நினைத்தால் விலை 5 வருஷம்!

இவ்விரண்டு வித்தைகளும் ஒன்றுக்கொன்று விரோதிகள் என்ற எண்ணம் எப்படித்தான் நம் வீடுகளில் புகுந்ததோ, தெரியவில்லை. இலஞ்சிக்கு அருகிலேயே தென்காசிக் கோபுரம் நிற்கிறது. பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த விசுவநாதர் ஆலயத்தின் கோபுரம் அது. நெடுங்காலம் இரண்டாகப் பிளந்து நின்று, 1990-ல் 9 நிலைகளுடன் மீண்டும் எழுந்தது. உயரம் சுமார் 180 அடி. அதன் வாசலுக்குள் நுழைவோருக்கு ஒரு விந்தை காத்திருக்கிறது. முதலில் காற்று முகத்தில் மோதி வெளியே தள்ளப் பார்க்கும். சில அடிகள் கடந்ததும் முதுகில் கை வைத்து உள்ளே அனுப்பும். பக்தர்கள் இதைச் சுவாமியின் உபசாரம் என்பர். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உபசாரத்துக்கும் ஒரு முறை உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றை உயர்ந்த கட்டிடம் தடுக்கும்போது, காற்று மோதும் பக்கத்தில் அழுத்தம் மிகும், மறுபக்கத்தில் குறையும். இடையே ஒரு வாசல் இருந்தால் காற்று அதில் நெருக்கிக்கொண்டு விரைகிறது. மதில்களும் மண்டபங்களும் அதைத் திருப்பிவிடுகின்றன. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு வேகம்? குற்றாலத்துப் பௌதிக மாணவிகள் இரண்டு காற்றுமானிகளுடன் ஒரு சாரல் பருவத்தை அங்கே கழித்தால், பாடப் புத்தகத்தில் ஒரு மாதம் படிப்பதைவிட அதிகம் கற்பார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

நமது ஸர் சி. வி. ராமன் செய்ததும் இதுதான். சென்னை மாகாணக் கல்லூரியில் 1907-ல் எம்.ஏ. தேறிய அவர், 1921-ல் லண்டன் சென்றபோது செயின்ட் பால் தேவாலயத்தின் கவிகைமாடத்தை மற்றவர்களைப் போல் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடவில்லை. ஒரு பக்கத்தில் முணுமுணுத்தது மறுபக்கத்தில் கேட்கும் விந்தையை ஆராய்ந்தார்; பின்னர் பீஜப்பூர் கோல் கும்பஸையும் விட்டாரில்லை.

கோபுரம் கிடக்கட்டும், குடியிருக்கும் வீட்டுக்கு வருவோம். ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் தளம் போட்டவர்கள் சித்திரையில் படும் பாட்டை நாம் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் குடித்த வெப்பத்தை அந்தத் தளம் இரவில் படுக்கையின் மீது பொழிகிறது. சாரல் காலத்திலோ சுவரெல்லாம் பாசி. மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் காலமான லாரி பேக்கர் இதற்கு வழி காட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தாமதப்படுத்தும். காந்தியடிகளைச் சந்தித்து, அருகில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற எண்ணத்தை அவரிடமிருந்து பெற்றவர் பேக்கர். பர்மிங்ஹாம் பாடத்தை அப்படியே ஒப்பிக்காமல் நமது மழையையும் வெயிலையும் கேட்டு அவர் கட்டினார்.

நமது பழைய சிற்ப முறையையே கற்க விரும்புவோருக்கு மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசினர் கல்லூரி இருக்கிறது. கல், சுதை, மரம், உலோகம் யாவும் அங்கே பாடம். அதன் தலைவராக விளங்கிய கணபதி ஸ்தபதி அமைத்ததே, 2000-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்ட 133 அடி உயரக் குமரிமுனைத் திருவள்ளுவர் சிலை. இடையைச் சற்றே வளைத்து நிற்கும் கல் உருவத்தைக் கடற்காற்றில் நிலைநிறுத்தப் பாரத்தின் மையம் எங்கே விழும் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகவே இலஞ்சி நேயருக்கு: பெண்ணின் ஆசை படம் வரைவதோடு நிற்கிறதா, அல்லது ஒரு தளம் ஏன் சுடுகிறது என்று கேட்கும் அளவுக்குப் போகிறதா என்று முதலில் விசாரியுங்கள். இரண்டாவதாயின் பி.ஆர்க்.கிலேயே சேருங்கள்; கணிதத்தையும் பௌதிகத்தையும் அதில் விட்டுவிட முடியாது. கட்டிடத்தைவிடக் காற்றும் வெப்பமுமே அவள் மனத்தைக் கவர்ந்தால் குற்றாலத்து பஸ்ஸே போதும். பி.ஆர்க். என்று தீர்மானமானால், பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரிக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் நடப்பு வருஷத்துக்கு இருக்கிறதா என்று கேட்டுவிடவும். வண்ண அச்சில் வரும் விளம்பரத்தில் அது பெரும்பாலும் மிகச் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.