மருந்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையுமா?

சிவகாசியிலிருந்து வரும் முத்து, லயன் காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்களுக்கு மதுரையில் பஞ்சமில்லை. முத்து தொடங்கியது 1972-இல், லயன் 1984-இல். கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் புத்தகத்தை டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு ஆபீஸ் போகும் ஐம்பது வயதுக்காரர்களை எனக்கே தெரியும். 1970-இல் ‘காலம் வெல்லும்’, 1972-இல் ‘கங்கா’ என்று கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையில் பாய்ந்து சுட்ட படங்கள் தனி. அந்த ருசி கண்ட ஊரில், அமெரிக்காவில் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு பழங்கால ரிவால்வரால் இரும்புத் தகடுகளைச் சுடுகிற போட்டி வீடியோக்களை இளவட்டங்கள் விடிய விடியப் பார்ப்பதில் வியப்பில்லை.

உறவுக்காரப் பையன் ஒருவன் போன மாதம் கேட்டான்: “சித்தப்பா, அந்தப் போட்டிக்காரங்க எல்லாம் வீட்டுலயே தோட்டா செஞ்சுக்கிறாங்க. மருந்தைக் கொஞ்சமா போட்டா ஆபத்தே இல்லையாம். மாமா அமெரிக்காவுல இருந்து வர்றப்ப தோட்டா செய்யுற மெஷினை வாங்கியாரச் சொல்லவா? தாத்தா லைசென்ஸ்தான் இருக்குல்ல.”

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. குறைந்த மருந்து என்றால் குறைந்த ஆபத்தா என்பது ஒன்று. லைசென்ஸ் இருந்தால் தோட்டாவும் செய்யலாமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ‘இல்லை’தான். ஆனால் காரணங்கள் வேறு வேறு.

முதலில் அந்த விளையாட்டு. கௌபாய் துப்பாக்கிப் போட்டிகளை நடத்துகிற பெரிய சங்கம் 1987-இல் கலிபோர்னியாவில் உருவானது. 19-ஆம் நூற்றாண்டுக் கடைசிப் பாணித் துப்பாக்கிகள்தான் அனுமதி. ரிவால்வரில் ஒவ்வொரு வேட்டுக்கும் கட்டைவிரலால் குதிரையை, அதாவது பின்பக்கச் சுத்தியலை, பின்னுக்கு இழுத்தாக வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு புனைபெயர் பதிவுசெய்துகொள்ள வேண்டும். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்க முடியாது. காமிக்ஸில் ஆறு குண்டு பறக்கும். இங்கே ஆறு அறை இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா. குதிரை படுத்திருக்கும் அறை காலியாக இருக்க வேண்டும், தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி.

இலக்கு சில கெஜ தூரத்தில் நிற்கும் இரும்புத் தகடு. செம்பு உறை போட்ட குண்டு தகட்டில் பட்டுத் தெறித்துத் திரும்பி வரும் என்பதால், நசுங்கிச் சிதறுகிற ஈயக் குண்டு மட்டும்தான். வேகத்துக்கும் வரம்பு உண்டு: ரிவால்வர் குண்டு நொடிக்கு 1000 அடியைத் தாண்டக்கூடாது. நேரத்தோடு பந்தயம் என்பதால், கை எகிறாமல் அடுத்த தகட்டுக்குத் திரும்ப மென்மையான தோட்டாவையே எல்லோரும் நாடுவார்கள். அதற்காகக் குறைத்துக்கொண்டே போகவும் விடமாட்டார்கள். கீழ் வரம்பு நொடிக்கு 400 அடி. அது போக, குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 60-க்குக் குறையக்கூடாது. 125 கிரெயின் குண்டு 600 அடி வேகத்தில் போனால் 75 வரும், தேறியது.

கிரெயின் என்றால் தானியமணி. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். தெற்காவணி மூல வீதிப் பட்டறைகளில் தங்கம் நிறுத்த பழைய கணக்கில் சொன்னால், இரண்டு கிரெயின் ஏறக்குறைய ஒரு குன்றிமணி. 125 கிரெயின் குண்டு 8 கிராம். ஒலிம்பிக் ஏர் பிஸ்டல் ரவையோ அரை கிராம்தான் தேறும். வேகம் ஒன்றே ஆனாலும் எடை பதினாறு மடங்கு. ‘மென்மை’ என்ற சொல்லை இந்தக் கணக்கோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

பையன் சொன்னதில் உள்ள பெரிய பிழைக்கு இப்போது வருகிறேன். இந்தப் போட்டிகளில் பயன்படும் .38 ஸ்பெஷல், .45 கோல்ட் போன்ற தோட்டாக்கள் பிறந்தது கரிமருந்துக் காலத்தில். .45 கோல்ட் 1873-இல் வந்தது. அன்று அதில் 40 கிரெயின் கரிமருந்து போகும். வெடியுப்பும் கந்தகமும் கரித்தூளும் சேர்ந்த கலவைக்கு அவ்வளவு இடம் தேவைப்பட்டது, தோட்டாவின் கூடு வாய் வரை நிறைந்தது. பிறகு புகையில்லா மருந்து வந்தது. அதே வேலைக்கு அதில் சில கிரெயின் போதும். மென்தோட்டாவுக்கு இரண்டு மூன்று குன்றிமணிக்கு மேல் போகாது. கூடு மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. ஆக, உள்ளே பெரும்பகுதி வெற்றிடம்.

ஆபத்து அந்த வெற்றிடத்தில்தான். கைதவறி இரண்டாவது முறை மருந்து விழுந்தாலும் கூடு நிரம்பி வழியாது. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியவும் தெரியாது. மேலே குண்டை வைத்து அழுத்திவிட்டால் நல்ல தோட்டாவும் எமன் தோட்டாவும் ஒரே அச்சு. நிறைய மருந்து பிடிக்கிற தோட்டாவில் இரட்டிப்பு வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்சமாகப் போடுகிறவனுக்கு அந்தக் காவல் இல்லை.

மருந்து விழாமலே போனாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். தோட்டாவின் அடியில் இருக்கும் கேப்பு மட்டும் வெடித்து, குண்டைக் குழாய்க்குள் பாதி தூரம் தள்ளிவிட்டு நின்றுவிடும். ‘டமார்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம். சுடுகிறவர் அவசரத்தில் அடுத்ததை இழுத்தால், அடைபட்ட குழாய்க்குள் இரண்டாவது குண்டு போய் மோதும். குழாய் பிளக்கும். அதனால்தான் அந்தப் போட்டிகளில் கடிகாரத்தோடு தோளருகே ஒருவர் நிற்கிறார். தகட்டைவிடச் சத்தத்தில்தான் அவர் கவனம். சத்தம் மாறியது என்று பட்டால் உடனே நிறுத்தச் சொல்வார்.

நம்மூரில் இது புதிய பாடமில்லை. மேலூர்ப் பக்கம் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடும் பெரியவரைச் சிறுவயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரும்புக் குழாய்களை வரிசையாக மண்ணில் நட்டிருப்பார். கொட்டாங்குச்சியால் மருந்தை அளந்து விடுவார், மேலே செங்கல்பொடி போட்டு இடிப்பார். ஒரு குழாய்க்கு மருந்து விட்டதுமே அதன் பக்கத்தில் ஒரு கல்லை வைப்பார். “எதுக்கு தாத்தா கல்லு?” என்றேன். “போட்டதுக்கே மறுக்கப் போட்டுட்டா உன்னையும் என்னையும் சேத்துல தேடணும்டா” என்றார். நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த விவசாயிகளும் இப்படித்தான்: வாய் வழியாக மருந்து, அதன்மேல் துணி, பிறகு பால்ரஸ், கம்பியால் இடித்து உட்காரவைப்பது. நடுவில் காற்று நின்றால் குழாய் வெடிக்கும் என்பது படிக்காமலே தெரிந்த விஞ்ஞானம்.

சட்டத்துக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, செய்யும் உரிமம் வேறு. மதுரை மாநகருக்குள் போலீஸ் கமிஷனரும், வெளியே கலெக்டரும் தருவது வைத்துக்கொள்ளும் உரிமம். ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்க 5-ஆவது பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். தோட்டா என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கமும் விரிவானது. தோட்டாவின் பாகங்கள் மட்டுமல்ல, தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அதற்குள் அடக்கம். மாமா பெட்டியில் வரும் மெஷினை விளையாட்டுச் சாமான் என்று கஸ்டம்ஸில் சொல்லிப் பயனில்லை. அனுமதியின்றித் தயாரித்தால் 25-ஆவது பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 7 ஆண்டுச் சிறை. ஆயுள் வரை போகலாம். மென்மையான தோட்டா, விளையாட்டுத் தோட்டா என்று அங்கே பிரிவினை கிடையாது.

இது கெடுபிடி என்று சொல்பவர்கள் உண்டு. மாதம் நூற்றுக்கணக்கில் சுடும் அமெரிக்கருக்கு வீட்டில் செய்வதில் காசு மிச்சம் என்பது உண்மை. இங்கே தாத்தாவின் .32 ரிவால்வருக்கு உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்குமேல் தோட்டா வாங்கவே முடியாது. அந்தத் தோட்டா புனே அருகே கட்கியில் 1869 முதல் இயங்கும் அரசுத் தொழிற்சாலையில் உருவாகி வருகிறது. மிச்சம் பிடிக்க இங்கே என்ன இருக்கிறது? மருந்துக் கலவையில் சிறு உராய்வுக்கு எத்தனை உயிர் போகும் என்பதைச் சிவகாசிச் செய்திகளில் ஆண்டுதோறும் படிக்கிற நமக்கு, வீட்டு மாடியறையில் இன்னொரு கலவைக்கூடம் வேண்டாம் என்பதே என் கட்சி.

சுடும் ஆசை தப்பில்லை. 4.5 மில்லிமீட்டர் வாய்க்கு மிகாமலும், 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்டும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. அனுமதி பெற்ற ரைபிள் கிளப்பில் சேர்ந்து பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கப் பழகலாம். பக்கத்துப் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் சுட்டார். அந்தப் பிரிவிலும் தோட்டாவில் 24 கிராம் ஈயத்துக்குமேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில் தாத்தா காலத்துத் தோட்டா டப்பாவோ மருந்துப் பொட்டலமோ கிடைத்தால் பிரிக்க வேண்டாம், கொட்டிப் பார்க்க வேண்டாம், அடுப்பில் போட வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். உரிமம் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால், அவர் துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது.