தலைப்பில் எழுதாத உரிமை யாருக்கு உதவும்?

தாடிக்கொம்பு, வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் பாடுபடும் தோழர்களுக்குக் கோனில் ஒட்டும் சீட்டு தெரியாததல்ல. இன்ன நம்பர் நூல், இன்ன லாட்டு என்று ஒவ்வொரு கோனிலும் அடையாளம் வேண்டும். மூட்டையின் மேலே எழுதியிருக்கிறதே, போதாதா என்று எந்தத் தொழிலாளியும் கேட்பதில்லை. மூட்டை பிரிந்து, நாற்பதாம் நம்பர் நூலும் அறுபதாம் நம்பர் நூலும் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வேறு விதமான நூலை நூற்கிறார்கள். பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் படித்து, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறார்கள். அதில் ஒரு பகுதியை எல்லோருக்கும் பொதுவாக, கட்டற்ற மென்பொருளாக, வெளியிடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் பலர் தாங்கள் எழுதிய கோப்பின் தலைப்பில் எழுதியவர் யார், எந்த நிபந்தனையில் தருகிறார் என்ற இரண்டு வரியை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். இந்தச் சிறிய அலட்சியம் பெரிய நஷ்டத்தில் முடியும் என்பதே நமது அபிப்பிராயம்.

கட்டற்ற மென்பொருள் என்பது என்ன? 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் தொடங்கிய இயக்கம் அது. ஒரு நிரலை யாரும் ஓட்டலாம், அதன் மூலத்தைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கு சுதந்திரங்களே அதன் உயிர். நமது அண்டை மாநிலமான கேரளத்தில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் இத்தகைய மென்பொருளில்தான் கம்ப்யூட்டர் கற்கிறார்கள். கம்பெனிக்குக் கப்பம் கட்டாமல் ஏழை வீட்டுப் பிள்ளை படிக்கிறது என்றால் சாதாரண விஷயமா?

மௌனம் என்றால் பூட்டு

"எல்லோருக்கும் பொது என்று ஆனபின் உரிமைக் குறிப்பு எதற்கு? தனியுடைமையை எதிர்க்கும் நாமே 'இது என் உரிமை' என்று எழுதுவதா?" என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் சட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நமது நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 1984-ல் செய்த திருத்தம் கம்ப்யூட்டர் நிரலையும் அதற்குள் கொண்டுவந்தது. ஒருவர் எழுதி முடித்த கணமே உரிமை தானாகப் பிறந்துவிடுகிறது. பதிவும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். எழுதியவர் இறந்த பின்னும் 60 வருஷம் அது நீடிக்கும். பிறர் பயன்படுத்த அனுமதி கொடுப்பதானால் எழுத்தில் கொடு என்கிறது அச்சட்டத்தின் 30-வது பிரிவு.

இதன் பொருள் என்ன? ஒன்றும் எழுதாமல் விட்டால் அது பொதுச் சொத்து ஆவதில்லை. பூட்டிய சொத்து ஆகிறது! திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூட்டைச் சட்டமே மாட்டிவிடுகிறது. சாவியை நாம்தான் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். ஜி.பி.எல். என்ற பொது உரிமம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. திருத்தி வெளியிடுகிறவனும் அதே சுதந்திரத்தைப் பிறருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. முதலாளி செய்த பூட்டைக் கொண்டே பொதுச் சொத்துக்குக் காவல் போடும் தந்திரம் அது.

வாய்மொழிக் குத்தகையால் பட்ட பாட்டை விவசாயத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. ஆனால் உழுபவன் பெயர் ஏட்டில் இல்லையென்றால், "இவன் என் குத்தகைதாரனே அல்ல" என்று மிராசுதார் சொன்னால் என்ன செய்வது? அதனால்தான் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. உழைப்பு உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. ஏட்டிலும் இருக்க வேண்டும்.

ஒரு வழக்கு தரும் பாடம்

ஏ.டி. அண்ட் டி. என்ற அமெரிக்க ராட்சதக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது யூனிக்ஸ். பெர்க்கிலி சர்வகலாசாலைக்காரர்கள் அதில் ஏராளமாகச் சேர்த்துத் தங்கள் வேலையைத் தாராளமாக வெளியிட்டார்கள். 1992-ல் கம்பெனியின் கிளை ஸ்தாபனம் கோர்ட்டுக்குப் போயிற்று. நடந்தது என்ன? யூனிக்ஸின் பழைய பதிப்பு ஒன்றை உரிமைக் குறிப்பு இல்லாமலே கம்பெனி வெளியே அனுப்பியிருந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லையேல் உரிமை இல்லை. அந்த உரிமை நிலைப்பது சந்தேகம் என்று சொல்லி, 1993-ல் நீதிபதி தடையுத்தரவு தர மறுத்தார். அது மட்டுமல்ல. பெர்க்கிலிக்காரர்களின் வேலையைத் தன் சரக்கில் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு உரிய பெயரைக் கம்பெனி கொடுக்கவில்லை என்று சர்வகலாசாலை எதிர்வழக்குப் போட்டது.

1994-ல் சமரசம் ஏற்பட்டது. சுமார் 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை எத்தனை? மூன்றே மூன்று! சுமார் 70 கோப்புகளில் கம்பெனியின் குறிப்பைச் சேர்த்தார்கள்; அவையும் தொடர்ந்து எல்லோருக்கும் கிடைத்தன. மூன்று கோப்புக்காக இரண்டு வருஷ வழக்கு. எந்தக் கோப்பு யாருடையது என்பது முதலிலேயே தெளிவாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

லினக்ஸ் பெரிய உதாரணம். உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் கூட்டாகக் கட்டியது அது. 2017-ல் அதன் கருவைப் பரிசோதித்தபோது, சுமார் 60,000 கோப்புகளில் 11,000-க்கும் மேற்பட்டவற்றில் உரிமக் குறிப்பே இல்லை. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு வரி சேர்த்துச் சரிசெய்தார்கள்.

பாரதி பாட்டுக்கே வந்த கதி

தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சாட்சி உண்டு. பாரதி பாட்டு தேசத்தின் சொத்து என்றுதான் ஜனங்கள் நினைத்திருந்தார்கள். ஆனால் 'பில்ஹணன்' படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் அவர் பாட்டைச் சேர்த்தபோது, உரிமை தன்னுடையது என்று பட முதலாளி ஏ.வி. மெய்யப்பன் வழக்குக்கு வந்தார். மக்கள் கிளர்ச்சிக்குப் பிறகு 1949-ல் சென்னை சர்க்கார் உரிமையைப் பெற்றது. 1955-ல்தான் அது பொதுமக்களுக்கு என்று ஆயிற்று. பிற்பாடு பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. நாட்டுடைமை என்றால் சர்க்கார் சொத்தா, ஜனங்கள் சொத்தா? அந்த ஒரு சொல்லில் அது தெளிவாக இல்லை. அந்நூல்களைத் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றியவர்கள் ஒவ்வொரு நூலிலும் "யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்" என்ற உரிமக் குறிப்பைச் சேர்த்தார்கள். நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டிய முறை அதுவே.

ஆகவே நிரல் எழுதும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் பெயர், வருஷம், உரிமத்தின் பெயர், அதன் பதிப்பு எண் ஆகியவற்றை எழுதட்டும். உரிமத்தின் முழு வாசகத்தையும் தனிக்கோப்பாகக் கூடவே வைக்கட்டும். பிறர் கோப்பை எடுத்துத் திருத்தினால் அவர் பெயரை அழிக்கக் கூடாது. கீழே தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். சக உழைப்பாளியின் பெயரை அழிப்பதும் திருட்டே. கம்பெனிச் சம்பளத்தில் எழுதியதானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை முதலாளிக்கே என்று 17-வது பிரிவு சொல்கிறது. எழுத்தில் சம்மதம் வாங்காமல் வெளியிட வேண்டாம்.

இரண்டு வரி எழுத இரண்டு நிமிஷம் போதும். பத்துப் பேர் பாடுபட்டு வெட்டிய கிணற்றுக்கு, இது ஊர்க் கிணறு என்று கல் நடாமல் விட்டால் நாளை எவனாவது வேலி போடுவான். கல்லை இன்றே நடுவோம்!